கல்லுக்கு வழிவிட்ட பொரிகடலை

ஒரு ஊரில் ஒரு ராஜா என்றுதான் கதை தொடங்கும். இந்தக் கதையில் ராஜாவுக்கு வேலை இல்லை. ஒரு ஊரில் ஒரு டப்பா இருந்தது. ஊர் பாளையங்கோட்டை. நர்சிங் படிக்கும் பெண்கள் தங்கிய விடுதி ஒன்றின் மாடி அறையில், ஜன்னலோரத்து மேசைமேல் அந்த டப்பா உட்கார்ந்திருந்தது.

டப்பாவுக்குள் பொரிகடலை இருந்தது. வடக்கே போனால் அதையே பொட்டுக்கடலை என்பார்கள். அது ஒன்றா, ஓராயிரமா என்று கேட்காதீர்கள். எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் சேர்த்து மனசு ஒன்றுதான், பேச்சும் ஒன்றுதான். துணைக்கு அதே டப்பாவில் ஒரு கருப்பட்டித் துண்டும் கிடந்தது.

டப்பாவின் சொந்தக்காரி முப்பிடாதி. உடற்கூறு பாடத்தில் ஒருமுறை தோற்றுவிட்டாள். இதயத்தின் படத்தைப் போட்டு ரத்தம் போகும் வழியைக் கேட்டிருந்தார்கள். இவள் வலதை இடதாகவும் இடதை வலதாகவும் எழுதிவைத்துவிட்டு வந்தாள். மறுபடி எழுத ஒரு வாய்ப்பு இருந்தது. அதையும் விட்டால் கூடப் படித்தவர்கள் எல்லாம் அடுத்த வருஷத்துக்குப் போய்விடுவார்கள், இவள் மட்டும் புதிதாக வரும் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அந்தப் பயத்தில் வகுப்பு விட்டு வந்த கையோடு மேசைக்குப் போய்விடுவாள்.

சாயங்காலம் என்றால் வயிறு கிள்ளத்தான் செய்யும். விடுதியில் சோற்று மணி அடிக்க நேரமாகும். கடைக்குப் போய் விதவிதமாக வாங்கித் தின்ன அவள் வீட்டில் வசதி இல்லை. மாதப் பிறப்பில் பொரிகடலையும் கருப்பட்டியும் வாங்கி டப்பாவை நிரப்பிவிடுவாள். அவள் கைக்கு எட்டியது அதுதான். நல்லவேளையாக உடம்புக்கு ஏற்றதும் அதுவாகவே இருந்தது.

அவள் படிக்கிற விதமே தனி. இடது கை விரல் படத்தின்மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். வலது கை தன்பாட்டுக்கு டப்பாவுக்குள் போகும், கொஞ்சம் அள்ளும், வாய்க்குப் போகும், மறுபடியும் டப்பாவுக்கு வரும். கண் மட்டும் புத்தகத்தை விட்டு நகராது. கையில் எண்ணெய் ஒட்டாது, புத்தகத்தில் கறை படியாது, பசி தெரியாது, தூக்கமும் வராது.

கடலைக்கு மனத்தாங்கலே இதில்தான்.

"அவ என்னை ஒரு நாளாவது பாத்திருக்காளா?" என்று கருப்பட்டியிடம் குறைப்பட்டுக்கொண்டது. "மூஞ்சிய அங்கன வச்சுக்கிட்டுக் கைய மட்டும் இங்கன நீட்டுதா. சந்தையில கத்திரிக்கா வாங்குதவகூட அதத் திருப்பித் திருப்பிப் பாக்கா. நான் கத்திரிக்காய்க்கும் கீழயா?"

"என்னைப் பாக்காளே" என்றது கருப்பட்டி.

"அதத்தான் நானும் கேக்கேன். ஒரே டப்பாவுல இருக்கோம். உனக்கு மட்டும் என்ன அப்படி ஒரு மவுசு?"

"மவுசாவது ஒண்ணாவது. எறும்பு இருக்கான்னு பாக்கா."

கடலை இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொறாமை வந்தவனுக்குக் கண் கூர்மை, காது மந்தம்.

கருப்பட்டியோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பப்ஸ் என்று ஒன்று இருந்ததே, அதுதான் கடலையின் வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்டது.

முப்பிடாதியோடு அந்த அறையில் இருந்தவள் எப்சிபா. கை தாராளம், வாயும் தாராளம். கல்லூரி வாசலில் இருந்த பேக்கரியில் முட்டை பப்ஸ் வாங்காமல் அவளுக்குச் சாயங்காலம் கழியாது. வாங்கினால் பாதியைப் பிய்த்துச் சினேகிதிக்கும் கொடுப்பாள்.

"ஏட்டி முப்பி, சூடு ஆறதுக்குள்ள வா."

அப்போது முப்பிடாதி என்ன செய்வாள் தெரியுமா? புத்தகத்தை மூடுவாள். நாற்காலியைத் திருப்பிப் போடுவாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். உதிர்கிற தூளைக்கூட விடாமல் மடியிலிருந்து பொறுக்குவாள். தின்று முடிக்கிறவரை அவள் கண் பப்ஸை விட்டுப் போகாது.

டப்பாவுக்குள்ளிருந்து கடலை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். டப்பா கண்ணாடி போல் தெளிந்த பிளாஸ்டிக். அது ஒரு தண்டனை.

"அவனுக்காகப் புத்தகத்தையே மூடுதா" என்று புகையும். "பரீட்சையில தோத்த பிள்ள, புத்தகத்த மூடுதான்னா அவன் எவ்வளவு பெரிய ஆளா இருக்கணும். எனக்கு ஒரு நாள் மூடியிருக்காளா?"

பப்ஸுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே சீண்டும். நேற்று வந்த பப்ஸ் நேற்றோடு போயிருக்கும், இன்றைக்கு வந்தது வேறு பப்ஸாகத்தான் இருக்கும். ஆனாலும் திமிர் மட்டும் கைமாறிக் கைமாறி வந்துகொண்டே இருந்தது.

"என்ன டப்பாக்காரரே, சௌக்கியமா? உள்ள புழுக்கமா இருக்கோ?"

"நீ இன்னைக்கு வந்து இன்னைக்கே போறவன். நான் தினமும் இருக்கேன்."

"இருந்து என்னத்துக்கு? சுவர்கூடத்தான் தினமும் இருக்கு. அதயும் அவ பாக்கல."

சொல்லிவிட்டு அது முப்பிடாதியின் வாய்க்குள் போய்விடும். பதில் சொல்ல ஆள் இல்லாமல் கடலை தவிக்கும். சண்டையில் தோற்பதைவிடக் கொடுமை, எதிராளி பாதியில் எழுந்துபோவது.

பப்ஸ் தின்ற கையோடு முப்பிடாதி புத்தகத்தை எடுத்தால் விரலில் இருந்த எண்ணெய் படத்தில் பதியும். நுரையீரலின்மேல் ஒரு வட்டக் கறை அப்படி வந்ததுதான். எப்சிபா அதைப் பார்த்து, "உன் நுரையீரலுக்கு நிமோனியாட்டி" என்று சிரித்தாள். கடலைக்குச் சிரிப்பு வரவில்லை.

"பாத்தியா, பேரெழுதி வச்ச மாதிரி புத்தகத்துல தன் அடையாளத்த வச்சிட்டுப் போயிருக்கான். இத்தன நாளும் என் தடம்னு ஒரு பொட்டு உண்டா அதுல?"

கருப்பட்டி சொன்னது: "அது கறை."

"கறையோ திலகமோ, இருக்கா இல்லையா?"

இன்னும் கேளுங்கள். வயிறு திம்மென்று ஆனதும் முப்பிடாதிக்குக் கண் சொருகும். மேசையிலேயே தலை சாய்த்துவிடுவாள். அதையும் கடலை தனக்கு வேண்டியபடிதான் எடுத்துக்கொண்டது. "அவனத் தின்ன சந்தோசத்துல கண்ண மூடிக் கிடக்கா பாரு" என்று பொருமியது. நெஞ்சில் பொறாமை இருந்தால் குறட்டைகூடத் தாலாட்டாகத்தான் கேட்கும்.

இப்போது டப்பாவின் அடியில் இருந்த ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடலை மூட்டையில் கல் கிடப்பது புதிதல்ல. அதே மஞ்சள் நிறம், அதே பருமன், பார்த்தால் சொந்தத் தம்பி என்பீர்கள். ஆனால் கடலைக் கூட்டத்தில் காலங்காலமாக ஒரு கட்டுப்பாடு உண்டு. கல் கடலையைவிடக் கனம். டப்பா ஒவ்வொரு முறை அசையும்போதும் எல்லாக் கடலையும் தோளோடு தோள் சேர்ந்து இறுக்கிக்கொள்ளும். கல்லை மேலே வரவிடாமல் அடிக்கு அனுப்பிவிடும். கடைசியில் டப்பாவைக் கவிழ்க்கும்போது தூசியோடு தூசியாக அது குப்பைக்குப் போகும். தின்கிறவருக்குக் கடைசிவரை தெரியாது. தெரியாமல் செய்வதுதான் அந்தக் கட்டுப்பாட்டின் பெருமை.

இந்த டப்பாவின் அடியில் இரண்டு கற்கள் கிடந்தன. பெரியது ஒன்று, அதற்குத் தம்பி போல ஒன்று.

ஒரு சாயங்காலம் பப்ஸ் வந்து போன பிறகு, மனசு எரிந்துகொண்டிருந்த நேரத்தில், கடலை குனிந்து பெரிய கல்லிடம் கேட்டது.

"உன்னை யாராவது பாத்திருக்காங்களா?"

"பாக்காம இருப்பாங்களா?" என்றது கல். "என்மேல பல்லு பட்டா யாரா இருந்தாலும் அப்படியே நின்னுருவாங்க. கையில எடுத்து வெளிச்சத்துல வச்சுப் பாப்பாங்க. வீட்ல உள்ளவங்களக் கூப்பிட்டுக் காட்டுவாங்க."

கடலைக்கு வாயில் எச்சில் ஊறியது. ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவதாமே.

"நீ மேல வந்தா, அவ இந்தப் பக்கம் திரும்புவாளா?"

"திரும்பாம?"

"அவளுக்கு வலிக்குமோ?"

"அத எங்கிட்ட ஏன் கேக்க? நான் யாரு பல்லயும் நலம் விசாரிச்சதில்ல. கல்லுன்னா கல்லு, அவ்வளவுதான். வழிவிட்டா வாரேன். விடலன்னா கிடக்கேன்."

கல்லைக் குறை சொல்ல முடியாது. அது உள்ளதைத்தான் சொன்னது.

"வேண்டாம்" என்றது கருப்பட்டி. "நல்லா இருக்கதக் கெடுத்துக்காத."

"உனக்கு என்ன, உன்னைத்தான் பாக்காளே" என்றது கடலை.

மறுநாள் முப்பிடாதி டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். டப்பா குலுங்கியது. எப்போதும் இறுகும் தோள்கள் அன்றைக்கு விலகின. கல் ஒவ்வொரு படியாக ஏறி மேலே வந்து, கடலைகளின் நடுவில் கடலையாக உட்கார்ந்துகொண்டது.

முப்பிடாதிக்கு அன்று படிப்பு ஓடிக்கொண்டிருந்தது. இடது விரல் இதயத்தின்மேல் போய்வந்துகொண்டிருந்தது. உதடு முணுமுணுத்தது.

"வலது பக்கம்னு போட்டிருக்கு. ஆனா படத்துல அது இடது கைப்பக்கமா இருக்கு. ஏன்..." விரல் நின்றது. "எதுக்க ஒரு ஆளு என்னைப் பாத்து நிக்கான்னு வச்சுக்கிட்டா... அவனுக்கு வலதுன்னா எனக்கு..."

இத்தனை மாதமாகப் பிடிபடாதது விளிம்புக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு சொல்தான் பாக்கி. கை டப்பாவுக்குள் போனது, அள்ளியது, வாய்க்குப் போனது.

நறுக்.

அந்தச் சத்தம் கட்டிலில் படுத்திருந்த எப்சிபாவுக்கே கேட்டது. முப்பிடாதி கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். வாயில் இருந்ததையெல்லாம் ஒரு காகிதத்தில் துப்பினாள். கல் இருந்தது. பக்கத்தில் வெள்ளையாக ஒரு துணுக்கும் இருந்தது. கடைவாய்ப் பல்லின் முனை அது.

பிறகு அவள் டப்பாவைப் பார்த்தாள்.

கடலை எத்தனையோ நாள் ஏங்கிய பார்வை வந்தேவிட்டது. நேராக வந்தது, உற்று வந்தது. ஆனால் கடலை நினைத்த பார்வை அதுவல்ல. தெருவில் பழகின நாய் திடீரென்று கடித்துவிட்டால் அதை எப்படிப் பார்ப்போமோ, அப்படிப் பார்த்தாள். கடலைக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்றால் டப்பா கண்ணாடி போல் இருந்தது.

"தூரப் போடுட்டி அத" என்றாள் எப்சிபா.

"தூரப் போட்டுட்டு மாசம் முழுக்க என்னத்தத் திங்க?" என்றாள் முப்பிடாதி. கன்னத்தைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. "நல்லா ஒரு நினைப்பு வந்துச்சு எப்சி. ஏதோ எதுக்க ஒரு ஆளுன்னு... போயிருச்சு."

அன்று மட்டுமல்ல, அடுத்த நாளும் அது திரும்பி வரவில்லை. படிக்க உட்கார்ந்தால் நாக்கு அந்த உடைந்த பல்லையே தடவிக்கொண்டிருந்தது. வகுப்பில் வைத்த சின்னத் தேர்வில் வலதை இடது என்றும் இடதை வலது என்றும் பழையபடியே எழுதிவிட்டு வந்தாள்.

அவள் கடலையை விடவில்லை, விடவும் முடியாது. ஆனால் தின்கிற முறை மாறிப்போனது. புத்தகத்தை மூடுவாள். ஒரு தட்டில் கடலையைக் கொட்டுவாள். ஜன்னல் வெளிச்சத்தில் பரப்பி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். சந்தேகம் வந்ததை நகத்தால் அழுத்துவாள். பார்த்து முடித்துத் தின்று முடிப்பதற்குள் படிக்கிற நேரத்தில் பாதி போய்விடும். அலுத்துப்போய்ச் சில நாள் ஒன்றுமே தின்னாமல் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்காருவாள். பசித்த தலையில் எதுவும் நிற்கவில்லை. படித்த வரியையே மறுபடி படித்தாள்.

கடலை கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. அதற்காகப் புத்தகம் மூடப்பட்டது. நாற்காலி திருப்பிப் போடப்பட்டது. இரண்டு கையும் அதற்கே வேலை செய்தன. அவள் கண் ஒவ்வொரு கடலையின்மேலும் நின்று நின்று போனது. பப்ஸுக்குக்கூட இத்தனை மரியாதை நடந்ததில்லை.

"என்ன, மகாராசா ஆயிட்டீரு போல" என்றது பப்ஸ். அதன் குரலில் இப்போது கொஞ்சம் பொறாமை இருந்தது.

கடலைக்கும் பொறாமை போகவில்லை. ஆனால் இப்போது அது பப்ஸைப் பார்த்து வந்த பொறாமை இல்லை. போன மாதம் இதே டப்பாவில் இருந்த கடலையைப் பார்த்து வந்தது. யாரும் பார்க்காமல் அள்ளப்பட்ட கடலை. எந்தக் கேள்வியும் இல்லாமல் ஒரு கை வந்து எடுத்துக்கொண்டு போன கடலை. அது எவ்வளவு பெரிய இடத்தில் இருந்தது என்று அதற்கே தெரியாமல் போய்விட்டதே என்று இந்தக் கடலைக்கு வயிறு எரிந்தது.

"கருப்பட்டி" என்று கூப்பிட்டது. "அன்னைக்குச் சொன்னியே. எறும்பு இருக்கான்னு பாக்கான்னு."

"சொன்னேன்."

"இப்பத்தான் காதுல விழுந்துச்சு."

டப்பாவின் அடியில் இன்னொரு குரல் கேட்டது. பெரிய கல்லுக்குத் தம்பி. தட்டில் கொட்டியதெல்லாம் மேல்கடலைதான். அடியில் கிடந்த அவன் யார் கண்ணிலும் படவில்லை.

"எங்க அண்ணனுக்கு வழிவிட்டீங்களே, எனக்கும் விடுதீங்களா?"

கடலை சத்தமில்லாமல் தோளைச் சேர்த்தது. டப்பா அசையும் போதெல்லாம் சேர்த்தது. டப்பா அசையாமல் இருக்கும்போதும் தளரவிடவில்லை. இந்தக் காவலை யாரும் பார்க்கப் போவதில்லை, பார்க்கவும் வேண்டாம் என்று இருந்தது.

பரீட்சைக்கு முந்தின நாள். வகுப்பு கிடையாது. முப்பிடாதி காலையிலேயே மேசைக்கு வந்துவிட்டாள். சாயங்காலம்வரை படத்தோடு மல்லுக்கு நின்றாள். டப்பா பக்கத்திலேயே திறந்து கிடந்தது. தட்டில் கொட்டிப் பார்க்கவும் அவளுக்கு நேரம் இல்லை. அதனால் தின்னவும் இல்லை.

எப்சிபா பேக்கரிப் பொட்டலத்தோடு வந்தாள். "ஏட்டி, கொஞ்சம் தின்னுட்டுப் படி. மயங்கி விழுந்திராத."

"கொஞ்சம் இருட்டி" என்றாள் முப்பிடாதி. நிமிரவில்லை. விரல் படத்தின்மேல் நின்றிருந்தது. "எதுக்க ஒரு ஆளு..."

அந்தச் சொல் மறுபடி வந்துவிட்டது. கடலைக்கு அது தெரிந்தது. அன்றைக்கு எந்த இடத்தில் அறுந்ததோ, அதே இடம்.

வலது கை மேசைமேல் இருந்து மெல்ல எழுந்தது. அவளுக்குத் தெரியாமல்தான் எழுந்தது. டப்பாவின் விளிம்புக்கு வந்ததும் நின்றது. விரல்கள் மட்டும் பழசை நினைத்துக்கொண்டு தயங்கின. கடலை அசையாமல் கிடந்தது. 'வா' என்று கூப்பிடக்கூட அதற்குத் தைரியம் இல்லை. அடியில் தம்பிக்கல் முண்டிப் பார்த்தது. அத்தனை கடலையும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கை உள்ளே வந்தது. அள்ளியது. வாய்க்குப் போனது.

"...எதுக்க ஒரு ஆளு என்னைப் பாத்து நிக்கான். அவன் வலது எனக்கு இடது. அப்ப கெட்ட ரத்தம் இங்கன வருது, இங்கன இருந்து நுரையீரலுக்குப் போகுது, நல்லதாகி அங்கன வருது, அங்கன இருந்து உடம்புக்கு..."

விரல் எண்ணெய்க் கறையைத் தாண்டி ஓடியது. இதயத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஓடியது. எங்கேயும் தடுக்கவில்லை. கை மீண்டும் டப்பாவுக்கு வந்தது. இந்தத் தடவை விளிம்பில் நிற்கவில்லை.

எப்சிபாவின் கையில் இருந்த பப்ஸ் எட்டிப் பார்த்தது. "என்ன ஓய், மறுபடியும் பழைய கததானா? அவ உம்ம ஏறெடுத்தும் பாக்கலியே" என்றது.

"சத்தம் போடாத" என்றது கடலை. "அவ படிக்கா."